‘பாதுகாப்பான இணைப்பு இல்லை’ என்று லாகின் மறுத்தால் எங்கிருந்து பார்ப்பது?

கேள்வி, சுருக்கமாக: தாராவி 90 அடி சாலையில் தோல் பை தைத்து அனுப்பும் சிறு நிறுவனம். கணக்குப் பிரிவில் நான்கு கம்ப்யூட்டர். இணையம் வழியாக ஓடும் பில்லிங் சாஃப்ட்வேர் இரண்டு கம்ப்யூட்டரில் லாகின் ஆகிறது. மற்ற இரண்டில் பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்த முடியவில்லை என்று ஆங்கிலத்தில் வந்து நின்றுவிடுகிறது. போனில் திறந்தால் ஓடுகிறது. ஜிஎஸ்டி கணக்குப் படிவமான 3பி-யைத் தாக்கல் செய்ய வேண்டிய 20ஆம் தேதி நெருங்குகிறது. ஆன்டிவைரஸை எடுத்துவிடச் சொல்கிறார் ஒருவர். விண்டோஸையே புதிதாகப் போடச் சொல்கிறார் இன்னொருவர். எச்சரிக்கைத் திரையில் உள்ள ‘அட்வான்ஸ்ட்’ அழுத்தி அப்படியே உள்ளே போய்விடலாம் என்கிறார் மூன்றாமவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்:

முதல் இருவர் சொன்னதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். மூன்றாமவர் சொன்னதை ஒருபோதும் செய்யாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். மாட்டுங்கா, சயான், தாராவிப் பக்கம் சிறு ஆபீஸ்களுக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுப்பதுதான் என் தொழில். இந்தப் பிழைக்காக அவசரப்பட்டு விண்டோஸ் மாற்றி, பழைய டேட்டாவைத் தொலைத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. நான்கில் இரண்டு ஓடுகிறது என்றால் சாஃப்ட்வேர் கம்பெனியின் சர்வர் உயிரோடு இருக்கிறது, ஆபீஸ் லைனும் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. அடம் பிடிக்கும் அந்த இரண்டு பெட்டிகளில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. போனில் ஓடுவதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். போன் மொபைல் டேட்டாவில் இருந்தால் ஆபீஸ் லைனைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. போனை ஆபீஸ் வைஃபையில் போட்டு ஒரு முறை பாருங்கள். அப்புறம் தகராறு செய்யும் கம்ப்யூட்டரைப் போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஒரு முறை பாருங்கள். ஹாட்ஸ்பாட்டிலும் அதே பிழை வந்தால் கோளாறு கம்ப்யூட்டருக்குள். ஹாட்ஸ்பாட்டில் சரியாகிவிட்டால் ஆபீஸ் லைனிலோ, ரூட்டரிலோ, ஃபயர்வாலிலோ (ஆபீஸ் இணைய லைனைக் காவல் காக்கும் கருவி). எல்லாக் கருவியிலும், எல்லா லைனிலும் பிழை என்றால் சர்வர் பக்கம். ஐந்து நிமிட வேலைதான். இதைச் செய்யாமல் எந்த செட்டிங்கிலும் கை வைக்க வேண்டாம்.

லாகின் பக்கம் திறக்கும் முன்பே உங்கள் கம்ப்யூட்டர் எதிர்முனையிடம் சான்றிதழ் கேட்கிறது. லோக்கல் ரயிலில் டிக்கெட் செக்கர் பாஸை வாங்கிப் பார்ப்பதைப் போலத்தான்: தேதி செல்லுமா, பெயர் பொருந்துகிறதா, கொடுத்தது ரயில்வேதானா. இந்த மூன்றில் எது தவறினாலும் பிழை. மூன்றும் சரியாக இருந்து, இரண்டு பக்கமும் ஒரே முறையில் ரகசியமாகப் பேச முடியவில்லை என்றாலும் பிழை. திரையில் வருகிற ஆங்கில வரியைப் படித்தால் இந்த நான்கில் எது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். ‘டேட் இன்வேலிட்’ என்று முடிந்தால் தேதி. ‘காமன் நேம் இன்வேலிட்’ என்றால் பெயர். ‘அத்தாரிட்டி இன்வேலிட்’ அல்லது ஃபயர்ஃபாக்ஸில் ‘அன்நோன் இஷ்யூயர்’ என்றால், கொடுத்தவரை நம்ப முடியவில்லை. ‘வெர்ஷன் ஆர் சைஃபர் மிஸ்மேட்ச்’ என்றால் பேசும் முறை ஒத்துப்போகவில்லை. அந்த வரியை மூடுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

முதலில் கடிகாரம். சின்ன விஷயம்தான், ஆனால் பழைய டெஸ்க்டாப் உள்ள ஆபீஸ்களில் நான் அதிகம் காணும் காரணம் இதுதான். சான்றிதழில் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை செல்லும் என்று எழுதியிருக்கும். உங்கள் கம்ப்யூட்டரின் தேதி சில வருடம் பின்னால் போயிருந்தால், போன மாதம் வாங்கிய சான்றிதழ் அதன் கண்ணுக்கு ‘இன்னும் பிறக்காத’ சான்றிதழ். மதர்போர்டில் சிஆர்2032 என்ற வட்டமான 3 வோல்ட் பேட்டரி இருக்கும். கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அது. நம் சின்ன ஆபீஸ்களில் இரவு பூட்டும்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போவார்கள். ராத்திரி முழுவதும் அந்தப் பேட்டரி தனியாகக் கடிகாரத்தை இழுக்கிறது, அதனால் சீக்கிரமே தீர்ந்துபோகிறது. காலையில் ஆன் செய்ததும் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடும். அடையாளம் எளிது: பிழை காலையில்தான் வரும், பில்லிங் தவிர வேறு பல தளங்களும் சேர்ந்தே மறுக்கும், கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது கருப்புத் திரையில் தேதியைச் சரி செய்யச் சொல்லி ஒரு வரி வந்து போகும்.

செய்ய வேண்டியது: தேதி, நேரம், வருடம் மூன்றையும் கையால் சரி செய்யுங்கள். வருடத்தைப் பார்க்க மறக்காதீர்கள். திரை மூலையில் 17ஆம் தேதி என்று சரியாகத் தெரியும், வருடம் மட்டும் தப்பாக இருக்கும். டைம் ஸோன் கொல்கத்தா, சென்னை, மும்பை, புதுடெல்லி என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு செட்டிங்ஸில் ‘டேட் அண்ட் டைம்’ பகுதிக்குப் போய் ‘சிங்க் நவ்’ அழுத்துங்கள். கடிகாரம் ரொம்பத் தூரம் பிசகியிருந்தால் விண்டோஸ் தானாகத் திருத்தத் தயங்கும். அதனால்தான் முதலில் கையால் என்கிறேன். அப்புறம் பேட்டரியை மாற்றுங்கள். கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லாமிங்டன் ரோடு வரை போக வேண்டியதில்லை, தெருமுனை வாட்ச் கடையிலேயே கிடைக்கும். நேரம் எங்கிருந்து வாங்குவது என்று கேட்டால்: கணினி அவசரநிலைகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட உத்தரவில், நிறுவனங்கள் தேசிய தகவலியல் மையத்தின் அல்லது டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடு கடிகாரத்தை ஒத்துவைக்கச் சொல்லியிருக்கிறது. சர்வர் வைத்திருக்கும் ஆபீஸ் இதை ஒரு முறை அமைத்துவிட்டால் போதும். போனில் ஆதென்டிகேட்டர் செயலி காட்டும் ஆறு இலக்க லாகின் குறியீடு திரும்பத் திரும்பத் தப்பு என்று வந்தாலும் போனின் கடிகாரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதுவும் நேரத்தை வைத்துக் கணக்கிடும் எண்தான்.

தேதி சரியாக இருந்தும் ‘அத்தாரிட்டி’ பிழை வந்தால், நடுவில் யாரோ நிற்கிறார்கள். பெரும்பாலும் உங்களுக்குத் தெரிந்தவர்கள்தான்: ஆன்டிவைரஸ் அல்லது ஆபீஸ் ஃபயர்வால். இரண்டுமே ரகசிய இணைப்புக்குள் வைரஸ் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக இணைப்பை நடுவில் பிரித்து, தன் சொந்தச் சான்றிதழை உங்களிடம் நீட்டும். அந்தச் சான்றிதழை நம்பும்படி கம்ப்யூட்டரில் ஏற்கெனவே ஏற்றி வைத்திருந்தால் உங்களுக்கு எதுவும் தெரியாது. லைசென்ஸ் முடிந்து பாதி வேலை செய்யும் ஆன்டிவைரஸ், சரியாக நீக்கப்படாமல் மிச்சம் கிடக்கும் ஆன்டிவைரஸ், புதிதாக வைத்த ஃபயர்வால், இவைதான் சண்டையைக் கிளப்புகின்றன.

இதை ஊகிக்கத் தேவையில்லை, பார்த்துவிடலாம். பிழை வந்த பக்கத்தில், முகவரிக்கு இடப்புறம் ‘நாட் செக்யூர்’ என்று தெரிவதை அழுத்திச் சான்றிதழைத் திறங்கள். ‘இஷ்யூட் பை’ என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது? நன்றாக ஓடும் கம்ப்யூட்டரிலும் அதே இடத்தைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓடுகிற பெட்டியில் டிஜிசெர்ட், லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற சான்றிதழ் நிறுவனத்தின் பெயர் இருந்து, ஓடாத பெட்டியில் உங்கள் ஆன்டிவைரஸின் பெயரோ ஃபயர்வாலின் பெயரோ இருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டார். அப்போதும் ஆன்டிவைரஸை முழுதாக எடுக்க வேண்டாம். அதன் செட்டிங்ஸில் எச்டிடிபிஎஸ் ஸ்கேனிங் (ரகசிய இணைப்பைப் பிரித்துப் பார்ப்பது) என்று தனி சுவிட்ச் இருக்கும். அதை அணைத்து லாகின் செய்து பாருங்கள். சரியானால், அந்த பில்லிங் தளத்தை மட்டும் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டு சுவிட்சை மீண்டும் ஆன் செய்துவிடலாம். ஃபயர்வால் என்றால் அதை அமைத்தவரிடம் அதன் ரூட் சான்றிதழை, அதாவது அது நீட்டும் சான்றிதழ்களை நம்பச் சொல்லும் மூலச் சான்றிதழை, கேட்டு வாங்கி ஏற்ற வேண்டும். இணையத்தில் தேடிக் கிடைத்த ரூட் சான்றிதழ் எதையும் ஏற்றாதீர்கள். அப்படி ஒன்றை ஏற்றினால், அதை வைத்திருப்பவர் எந்த பேங்க் தளமாகவும் உங்கள் கம்ப்யூட்டர் முன் வந்து நிற்க முடியும்.

அங்கே உங்களுக்குத் தெரியாத பெயர் இருந்தால்? லைனைப் பிடுங்குங்கள், பாஸ்வேர்டு எதையும் தட்டாதீர்கள், விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். ஸ்டேஷனிலோ காபிக் கடையிலோ இலவச வைஃபையில் இருந்தால் மட்டும் வேறு காரணம் இருக்கலாம்: அந்த வைஃபையின் சொந்த லாகின் பக்கம் குறுக்கே வந்திருக்கும். அதை முடித்துவிட்டு வந்தால் சரியாகும்.

அடுத்து, பழைய விண்டோஸ். உங்கள் இரண்டு பெட்டிகளும் விண்டோஸ் 7 என்றால் நான் கடிகாரத்துக்கு அடுத்து இங்கேதான் வருவேன். ரகசியமாகப் பேசும் முறைக்கு டிஎல்எஸ் என்று பெயர். அதன் 1.0, 1.1 பதிப்புகளை 2020-இலேயே பிரவுசர்கள் கைவிடத் தொடங்கின, 2021 மார்ச்சில் அவை முறைப்படியும் ஓய்வு பெற்றன. இப்போது சர்வர்கள் கேட்பது 1.2 அல்லது 1.3. விண்டோஸ் 7-க்குள் 1.2 இருக்கிறது, ஆனால் பல டெஸ்க்டாப் மென்பொருள்கள் அதை எடுத்துக்கொள்ளும்படி திறந்து வைக்கப்படவில்லை. ஒரு அப்டேட்டும் ரிஜிஸ்ட்ரி (விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் இடம்) மாற்றமும் வேண்டும். அதைச் செய்த பிறகும் சில சர்வர்கள் மறுக்கும். அவை கேட்கும் குறியாக்க வகை விண்டோஸ் 7-இல் இல்லை, அதற்கு மருந்தும் இல்லை. விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இல். பணம் புழங்கும் கம்ப்யூட்டர் எதுவும் 7-இல் ஓடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ‘இன்னும் ஓடுகிறதே’ என்பவர்களிடம் இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லத் தயாராக இருக்கிறேன்.

விண்டோஸ் புதிதாக இருந்தும், பிரவுசரில் அதே தளம் திறந்தும், டெஸ்க்டாப் சாஃப்ட்வேர் மட்டும் ‘செக்யூர் சேனல்’ உருவாக்க முடியவில்லை என்று அழுதால்? பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். பிரவுசரும் அந்த மென்பொருளும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தாலும் ஒரே வழியில் பேசுவதில்லை. க்ரோமும் ஃபயர்ஃபாக்ஸும் தங்கள் சொந்தக் கருவிகளையும், யாரை நம்புவது என்ற சொந்தப் பட்டியலையும் வைத்திருக்கின்றன. மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்தில் எழுதிய மென்பொருள் விண்டோஸின் பட்டியலைப் பார்க்கிறது. அதிலும் டாட்நெட் 4.5 காலத்தில் எழுதியது, யாரும் மாற்றிச் சொல்லாவிட்டால், புதிய விண்டோஸிலும் டிஎல்எஸ் 1.0-இல்தான் பேச்சைத் தொடங்கும். ஜாவா மொழியில் எழுதியது பெரும்பாலும் தன்னோடு கொண்டுவந்த பட்டியலை மட்டுமே பார்க்கும். ‘பாத் பில்டிங் ஃபெயில்ட்’ என்று வந்தால் அந்தப் பட்டியல் பழசு, அல்லது நடுவில் ஃபயர்வால். இவற்றுக்குச் சரியான வழி மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றுவது. விண்டோஸ் தன் நம்பிக்கைப் பட்டியலைத் தேவைப்படும்போது மைக்ரோசாஃப்டிடமிருந்து இறக்கிக்கொள்கிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். ‘டேட்டா செலவாகிறது’ என்று யாராவது விண்டோஸ் அப்டேட் முகவரிகளை ரூட்டரில் அடைத்து வைத்திருந்தால், புதிய சான்றிதழ் நிறுவனங்களை உங்கள் கம்ப்யூட்டருக்குத் தெரியாமலே போய்விடும்.

பிரவுசரில் திறந்து மென்பொருளில் திறக்காததற்கு சர்வர் பக்கமும் ஒரு காரணம் உண்டு. சான்றிதழ் தனியாக வருவதில்லை; அதற்கும் மூல நிறுவனத்துக்கும் நடுவே ஓர் இடைச் சான்றிதழ் இருக்கும், சர்வர் அதையும் சேர்த்து அனுப்ப வேண்டும். அனுப்ப மறந்தால் க்ரோம் தானே போய் அதை எடுத்துக்கொண்டு வந்து சமாளித்துவிடும், பல டெஸ்க்டாப் மென்பொருளும் ஆண்ட்ராய்டு செயலியும் சமாளிக்காது. ‘க்ரோமில் திறக்கிறதே, உங்கள் கம்ப்யூட்டரில்தான் கோளாறு’ என்று சப்போர்ட்டில் சொன்னால் இதைச் சொல்லுங்கள்: முழுச் சங்கிலியும் சர்வரிலிருந்து வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஆபீஸுக்குள்ளேயே சர்வர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சர்வரின் ஐபி எண்ணை (பெயருக்குப் பதிலான எண் முகவரி) தட்டி லாகின் செய்தால் பெயர் பொருந்தாது என்று பிழை வருவது இயல்பு. சான்றிதழில் இருக்கும் பெயரைத் தட்ட வேண்டும். சர்வரை இடம் மாற்றிய பின் ஏதோ ஒரு கம்ப்யூட்டர் மட்டும் பழைய முகவரிக்கே போனால், எந்தப் பெயருக்கு எந்த ஐபி எண் என்று குறித்து வைக்கும் அதன் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் யாரோ எப்போதோ எழுதி வைத்த வரி இருக்கும். எஸ்க்யூஎல் சர்வர் என்ற மைக்ரோசாஃப்ட் டேட்டாபேஸோடு பேசும் பில்லிங் மென்பொருளில், அந்த இரண்டையும் இணைக்கும் ஓடிபிசி டிரைவரை 18ஆம் பதிப்புக்கு மாற்றியதும் ‘நம்பத் தகாத அத்தாரிட்டி’ என்று நின்றால் பயப்பட வேண்டாம். 2022-இல் வந்த அந்தப் பதிப்பு முதல் குறியாக்கம் தானாகவே ஆன் ஆகியிருக்கிறது, சர்வரில் இருப்பதோ தானே தனக்கு எழுதிக்கொண்ட சான்றிதழ். சரியான சான்றிதழ் போடுவதே முறை. டிரஸ்ட் சர்வர் சர்டிஃபிகேட் என்ற விருப்பத்தைப் போட்டுச் சமாளிப்பது ஆபீஸ் உள் வயரில் மட்டும், அதுவும் தற்காலிகமாக.

ஜிஎஸ்டி தளத்தில் டிஜிட்டல் கையெழுத்துப் போடும்போது வரும் பிழை வேறு வகை. யுஎஸ்பி டோக்கனைச் செருகி, இஎம்சைனர் என்ற சின்ன மென்பொருளை ஓட விட்டு, பிரவுசரில் 127.0.0.1 என்று தொடங்கும் முகவரியை ஒரு முறை திறந்து எச்சரிக்கையை ஏற்கச் சொல்வார்கள். அதைச் செய்யலாம். அந்த எண் உங்கள் கம்ப்யூட்டரையே குறிக்கிறது, பேச்சு வெளியே போவதே இல்லை. இந்த ஓர் இடத்தில் பழகிய கை மற்ற எச்சரிக்கைகளையும் ஏற்கப் போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை.

அந்தக் கவலைக்குக் காரணம் சொல்கிறேன். 2014 ஜூலையில், நம் தேசிய தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவிலிருந்து, கூகுளின் தளங்கள் பெயரில், கூகுளுக்கே தெரியாமல் சான்றிதழ்கள் வெளியாகியிருந்தது அம்பலமானது. அந்தப் பிரிவு கொடுக்கும் சான்றிதழ்களை அப்போது விண்டோஸ் நம்பிக்கொண்டிருந்தது. உடனே அவை ரத்து செய்யப்பட்டன. அதன் பிறகு க்ரோம், இந்திய அரசு வழிச் சான்றிதழ்களைக் குறிப்பிட்ட சில இந்திய முகவரிகளுக்கு மட்டும் செல்லும்படி கட்டிப்போட்டது. பொய்ச் சான்றிதழ் நிஜமாகவே உண்டு. பெரும்பாலும் அதைப் பிடித்துக் கொடுப்பது இந்த எச்சரிக்கைத் திரைதான். ‘அட்வான்ஸ்ட்’ அழுத்தி உள்ளே போனால் நீங்கள் தட்டும் பாஸ்வேர்டு யாரிடம் போகிறது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பில்லிங் பாஸ்வேர்டு என்றால் உங்கள் வாடிக்கையாளர் பட்டியல், பேங்க் விவரம், ஜிஎஸ்டி எல்லாம் அதற்குள் இருக்கிறது.

லைன் கோளாறு பற்றிச் சுருக்கமாக: லாகின் பக்கம் பிழை எதுவும் சொல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்து கடைசியில் நின்றுபோனால், அதே கம்ப்யூட்டர் ஹாட்ஸ்பாட்டில் உடனே திறந்தால், ரூட்டரில் எம்டியு என்ற அளவைப் பாருங்கள். டேட்டா பாக்கெட் பாக்கெட்டாகத்தான் போகும்; ஒரு பாக்கெட் அதிகபட்சம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதுதான் அது. யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணைக்கும் பிபிபிஓஇ வகை பிராட்பேண்டில் அது 1492-க்கு மேல் இருக்கக் கூடாது. அதிகமாக இருந்தால் சின்னப் பாக்கெட்டுகள் போகும், சான்றிதழ் வரும் பெரிய பாக்கெட் வழியில் காணாமல் போகும். கேபிள்காரரிடம் இந்த எண்ணைச் சொன்னாலே புரிந்துகொள்வார். பிரவுசர் கேஷ் (அது சேமித்து வைத்த பழைய பக்கங்கள்) அழிப்பது, எஸ்எஸ்எல் ஸ்டேட் (விண்டோஸ் நினைவில் வைத்த பழைய சான்றிதழ் விவரம்) கிளியர் செய்வது எல்லாம் செய்து பார்க்கலாம், கெடுதல் இல்லை, பலனும் அரிது.

இந்தப் பிழைகள் இனி அடிக்கடி வரும் என்று எதிர்பாருங்கள். இணையதளங்களுக்குக் கொடுக்கும் பொதுச் சான்றிதழின் அதிகபட்ச ஆயுள் 2020 செப்டம்பர் முதல் 398 நாளாக இருந்தது. 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று குறைக்க முடிவாகியிருக்கிறது. புதுப்பிப்பதைத் தானியங்கியாக அமைக்காத சின்ன சாஃப்ட்வேர் கம்பெனிகள் மறந்துபோகும் வாய்ப்பு அதற்கேற்பக் கூடும். ஒரு நாள் காலையில் எல்லாக் கம்ப்யூட்டரிலும், எல்லாப் போனிலும் ஒரே நேரத்தில் ‘டேட் இன்வேலிட்’ வந்து, உங்கள் தேதி சரியாகவும் இருந்தால், சான்றிதழைத் திறந்து ‘எக்ஸ்பயர்ஸ் ஆன்’ வரியைப் பாருங்கள். நேற்றோடு முடிந்திருந்தால் உங்கள் பக்கம் செய்ய ஒன்றுமில்லை. கம்பெனிக்குத் தெரிவித்துவிட்டுக் காத்திருங்கள், யாரும் அதற்குள் பாஸ்வேர்டு தட்ட வேண்டாம்.

சப்போர்ட் எண்ணைத் தேடலில் முதலில் வருவதிலிருந்து எடுக்காதீர்கள். கஸ்டமர் கேர் என்ற பெயரில் போலி எண்கள் நிறைய; திரையைத் தூரத்திலிருந்து பார்க்கும் செயலியைப் போடச் சொல்லி, பேங்க் கணக்கைக் காலி செய்கிறார்கள். பழைய பில்லிலோ, மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் உதவிப் பக்கத்திலோ உள்ள எண்ணைப் பயன்படுத்துங்கள். மெயிலில் ‘லாகின் ஆகவில்லை’ என்று ஒரு வரி மட்டும் எழுதினால் கேஷ் அழிக்கச் சொல்லித்தான் பதில் வரும். பிழையின் முழு ஆங்கில வரி, அது வந்த தேதியும் நேரமும், விண்டோஸ் பதிப்பு, மென்பொருள் பதிப்பு, எத்தனை கம்ப்யூட்டரில் எத்தனையில் வருகிறது, ஹாட்ஸ்பாட்டில் என்ன ஆயிற்று, ‘இஷ்யூட் பை’ இடத்தில் யார் பெயர், இவ்வளவும் எழுதி, போனில் எடுத்த படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். 3பி-யை அதுவரை தள்ளிப்போட வேண்டாம். நன்றாக ஓடும் இரண்டு கம்ப்யூட்டரில் ஒன்றில் உட்கார்ந்து இன்றைக்கே தாக்கல் செய்துவிடுங்கள்.